எந்தப் பட்டம் காசு தரும்? மலையடிவாரத்தில் ஒரு கணக்கு!
வேலூரை அடுத்த அமிர்தி, ஜவ்வாதுமலை அடிவாரம். பிளஸ்-2 ரிசல்ட் வந்தால் பெற்றோருக்கு ஒரே கேள்வி: "புள்ளைய எதுல சேர்த்தா பணம் வரும்?"

பட்டத்தைப் பார்ப்பவர்கள் முதலைப் பார்ப்பதில்லை. கடன் வாங்கி என்ஜினீயரிங் சேர்ந்தால் படிக்கும்போதே வட்டி ஓடும். 4 வருடக் கூலியும் போச்சு. முதல் சம்பளம் பாங்கிக்கு!

அதே சீட்டு இனாமாகவும் உண்டு. 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங், விவசாயம், சட்டப் படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. கவுன்சிலிங்கில் அந்த இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசாங்கத்தின் பொறுப்பு.

என்ஜினீயரிங்தான் கதி என்பதும் இல்லை. சட்டம் படித்த ஜவ்வாதுமலை புலியூர் ஸ்ரீபதி, 2024-ல் சிவில் நீதிபதியாகத் தேர்வானார்.

கடனில்லாத பட்டம்தான் முதல் நாளிலிருந்தே லாபம். விண்ணப்பத்தில் அந்த ஒதுக்கீட்டைக் கேட்காமல் விட்டால் நஷ்டம் லட்சக்கணக்கில்!