இந்தச் சனிக்கிழமை எந்தக் குதிரை?



சென்ற மாதம் தோட்டக் கமிட்டிக் கூட்டம் ஒன்றின் முடிவில் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு யோசனை சொன்னார். "அண்ணே, பத்திரிகையில சம்பளம், வீடு, காணின்னு எல்லாம் எழுதுறீங்க. இங்கிலாந்து ரேஸ் வருது. நல்ல குதிரையா நாலு பேர் போட்டீங்கன்னா பேப்பர் இன்னும் நூறு போகும்." கூட்டம் சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறோம். சம்பளச் சனிக்கிழமை மாலையில் நகரத்துக்கு இறங்கினால் ரேஸ் புக்கிக் கடை வாசலில் நிற்பவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே நம் சங்கத் தலைவர்மாரும் நிற்பதுண்டு. தெரிந்தும் தெரியாதது போல் இருப்பது ஒரு தொழிற்சங்கப் பத்திரிகைக்கு அழகல்ல. எனவே இம்முறை யாரையும் திட்டாமல், பந்தயத்தைப் பற்றியே எழுதுகிறோம். கடைசியில் எங்கள் டிப்ஸும் உண்டு.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்குப் பக்கத்தில் எயின்ட்ரி என்ற இடத்தில் ஏப்ரல் மாதம் வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாட்களுக்குத் தடை தாண்டும் பந்தயங்கள் நடக்கும். நாளொன்றுக்கு 7 பந்தயம், மொத்தம் 21. இவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று தாழ்வான தட்டிகளைத் தாண்டுவது. மற்றது நாலரை அடிக்கு மேற்பட்ட உயரமான வேலிகளைத் தாண்டுவது. சனிக்கிழமை நடக்கும் கிராண்ட் நஷனல்தான் இவற்றுள் பெரியது. தூரம் ஏறக்குறைய 7 கிலோமீற்றர். தாண்ட வேண்டிய வேலிகள் 30. முன்பு 40 குதிரைகள் வரை ஓடின. விபத்துகளைக் குறைப்பதற்காக 2024 முதல் 34க்கு மேல் விடுவதில்லை. அந்த ஆண்டு பந்தய நேரமும் மாற்றப்பட்டது. அங்கே மாலை 4 மணி என்றால் நமக்கு இரவு 8.30. அன்றைய முதல் பந்தயம் நம் மாலை 6 மணியளவில் தொடங்கும். மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, முகம் கழுவி, கையில் காசோடு நாம் நிற்கும் நேரமும் அதுதான். பல ஆண்டுகளில் இது சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வருகிறது. 2024 இல் ஏப்ரல் 13 ஆம் திகதியே ஓடினார்கள்.

நுவரெலியாவில் நாம் பார்க்கும் ஓட்டம் வேறு. 1875 இல் வெள்ளைக்காரர் அமைத்த அந்தத் திடலில் குதிரைகள் சமதரையில் ஓடுகின்றன. வேலி இல்லை. அங்கே வேகமான குதிரை முன்னால் வருவதற்குத் தடைகள் குறைவு. எயின்ட்ரியில் அப்படி அல்ல. வேகமான குதிரை நன்றாகத் தாண்டவும் வேண்டும். நன்றாகத் தாண்டும் குதிரை, பக்கத்துக் குதிரை விழும்போது அதில் இடறாமலும் இருக்க வேண்டும்.

ரேஸ் பேப்பர் எழுதுகிறவர்கள் எதை வைத்துக் குதிரையைத் தெரிவு செய்கிறார்கள்? நீண்ட தூரம் ஓடித் தாக்குப்பிடித்ததா, இதற்கு முன் எத்தனை முறை விழுந்தது, தரை ஈரமா காய்ந்ததா, முதுகில் எவ்வளவு எடை, பழக்குபவர் யார், ஓட்டுபவர் யார் என்றெல்லாம் பார்க்கிறார்கள். இவை பொய்யல்ல. அயர்லாந்தின் வில்லி மல்லின்ஸ் பழக்கிய குதிரைகள் 2005, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வென்றன. ரெட் ரம் என்ற ஒரே குதிரை 1973, 1974, 1977 என்று மூன்று முறை வென்றது. அறிவுக்கு அங்கே இடமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1956 இல் இங்கிலாந்து இராணியின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லொக் எல்லா வேலிகளையும் தாண்டி, எல்லோருக்கும் முன்னால், முடிவுக் கோட்டுக்குச் சற்றுத் தூரத்தில் வந்து, தாண்ட ஒன்றுமே இல்லாத இடத்தில் கால் பரப்பி விழுந்தது. 1967 இல் 23ஆவது வேலியில் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டி நின்றன. பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்த ஃபொய்னாவொன் மட்டும் இடைவெளி கண்டு தாண்டிப் போய் வென்றது. அதற்கு 1க்கு 100 என்று விலை. 2009 இல் வென்ற மொன் மோமுக்கும் 1க்கு 100. 2022 இல் வென்ற குதிரைக்கு 1க்கு 50. 2025 இல் 1க்கு 33. 2023 இல் அதிகம் பேர் நம்பிய கோராக் ராம்ப்ளர் வென்றது. அந்த ஆண்டு புறப்பட்ட 39 குதிரைகளில் 17 மட்டுமே ஓடி முடித்தன. "போன வருசம் வென்ற குதிரைதானே" என்று அடுத்த ஆண்டும் அதிலேயே கட்டியவர்களுக்கு என்ன நடந்தது? முதல் வேலியிலேயே அது இடறி, ஓட்டுபவர் கீழே விழுந்தார். 30 வேலிப் பந்தயம் அவர்களுக்கு ஒரே வேலியில் முடிந்தது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கிராண்ட் நஷனலில் எல்லாக் குதிரைகளும் ஒரே எடையைச் சுமப்பதில்லை. திறமையான குதிரைக்குக் கூடுதல் எடை, குறைந்ததற்குக் குறைவான எடை. எல்லாக் குதிரைகளும் ஒன்றாகவே கோட்டைத் தொட வேண்டும் என்பதே எடை போடும் அதிகாரியின் நோக்கம். அதாவது, யார் வெல்வார் என்று முன்கூட்டிச் சொல்வதைக் கடினமாக்குவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர், நாம் துண்டு எழுதுவதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிட்டார். அப்படிப்பட்ட பந்தயத்தில் "நிச்சயக் குதிரை" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இனி கடைக்காரரின் கணக்கு. கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைத்தால் தராசைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறவர்கள் நாம். இந்தத் தராசையும் ஒருமுறை பார்ப்போம்.

எளிதாக விளங்க, ஒரே திறமையுள்ள 4 குதிரைகள் ஓடுகின்றன என்று வையுங்கள். 4 பேர் ஆளுக்கொரு குதிரையில் 100 ரூபா கட்டுகிறார்கள். கடையில் சேர்வது 400. நியாயமான விலை 1க்கு 3. அதாவது வென்றவருக்கு 300 ரூபாவும் அவர் கட்டிய 100 ரூபாவும். அப்படிக் கொடுத்தால் கடைக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே அவர் 1க்கு 2 என்று விலை போடுகிறார். வென்றவருக்கு 300 கொடுத்தது போக 100 ரூபா கல்லாவில் நிற்கிறது. எந்தக் குதிரை வென்றாலும் நிற்கிறது. குதிரைகளின் எண்ணிக்கை கூடினால் கடையின் பங்கும் கூடுவதே வழமை.

சிறு காசில் பெரிய காசு எடுக்கலாம் என்று இரண்டு, மூன்று பந்தயங்களைச் சேர்த்துக் கட்டுகிறோம் அல்லவா? அதே கணக்கில் பாருங்கள். இரண்டைச் சேர்த்துக் கட்டினால் 16 விதமான முடிவுகள். 16 பேர் கட்டினால் 1,600 ரூபா. வெல்லும் ஒருவருக்கு 900. கடைக்கு 700. மூன்றைச் சேர்த்தால் 64 பேரிடம் 6,400 ரூபா. வெல்லும் ஒருவருக்கு 2,700. கடைக்கு 3,700. வென்றவர் கையில் 2,700 ரூபாவைப் பார்த்து நகரமே பேசும். மற்ற 63 பேர் பேசாமல் வீட்டுக்குப் போவார்கள். கடையின் வாடகை, அங்கே எழுதுகிறவர்களின் சம்பளம், தொலைக்காட்சிப் பெட்டி, 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கத்துக்குக் கட்டும் பந்தய வரி, முதலாளியின் இலாபம் எல்லாம் அந்த 63 பேரின் காசுதான்.

அந்தக் காசு எப்படி வந்த காசு? 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டு எத்தனை ஆண்டுகள் வீதியில் நின்றோம் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 இல்தான் சம்பள நிர்ணய சபை மூலம் அது கைக்கு வந்தது. 2024 இல் அது 1,350 ரூபாவானது. 18 கிலோ நிர்ணயம் உள்ள தோட்டத்தில் அப்போது கிலோவுக்கு 75 ரூபா என்று ஆனது. அட்டை கடிக்க, மழையில் நனைந்து, ஒரு பெண் பறிக்கும் 4 கிலோ கொழுந்து அந்தக் கணக்கில் 300 ரூபா. சனிக்கிழமை இரவில் மூன்று துண்டுக்கு அது போய்விடும். கம்பனியிடம் ஐம்பது ரூபாவுக்காக மாதக்கணக்கில் பேரம் பேசுகிற நாம், புக்கிக் கடையில் பேரமே பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இதை எழுதுபவன் வெளியே நின்று புத்தி சொல்பவன் அல்ல. ஒரு தீபாவளிக்கு முற்பணம் வாங்கிய கையோடு நகரத்துக்கு இறங்கி மூன்று குதிரைகளைச் சேர்த்துக் கட்டியவன். முதல் இரண்டும் வென்றன. மூன்றாவது கடைசி வேலியில் விழுந்தது. "கொழும்பிலிருந்து துணி வரல, அடுத்த கிழமை எடுக்கலாம்" என்று அன்றிரவு லயத்தில் பிள்ளைகளிடம் பொய் சொன்னேன். அந்த முற்பணம் அதன்பின் மாதாமாதம் என் சம்பளத்தில் வெட்டப்பட்டது. அந்த இழப்பு என்னைத் திருத்தவில்லை. மூன்றில் இரண்டு வென்றதே, அடுத்த முறை மூன்றும் வெல்லும் என்ற நினைப்பு இன்னும் மூன்று ஆண்டுகள் என்னை அந்த வாசலில் நிறுத்தியது. முழுதாகத் தோற்றிருந்தால் ஒருவேளை சீக்கிரம் விட்டிருப்பேன். என் மனைவியின் தோடு அடகுக் கடையில் மூழ்கிய பிறகுதான் விட்டேன். அதை அவள் இன்றுவரை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை.

ஆகவே இந்த வார இறுதிக்குச் சங்கம் சில விடயங்களைக் கேட்டுக்கொள்கிறது.

முதலாவது, பெண்ணின் சம்பளம் பெண்ணின் கைக்கே போக வேண்டும். மனைவியின் சம்பளத்தைக் கணவன் வாங்கிக்கொண்டு நேரே நகரத்துக்கு இறங்கும் வழக்கம் இன்னும் பல தோட்டங்களில் இருக்கிறது. தாய்மாரே, உங்கள் பேருக்கு விழுந்த காசை நீங்களே எண்ணி வாங்குங்கள். மறுத்தால் மாதர் சங்கத் தலைவியிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, கடன் வாங்கியோ நகை வைத்தோ யாரும் விளையாட வேண்டாம். விட்டதைப் பிடிக்கக் கட்டும் காசுதான் குடும்பத்தை முழுதாக முடிக்கிறது.

மூன்றாவது, ஏற்கெனவே கடனில் மாட்டியவர்கள் வெட்கப்பட வேண்டாம். உங்கள் தோட்டத் தலைவரிடம் தனியாகச் சொல்லுங்கள். வட்டிக்காரரோடு பேச நாங்கள் கூட வருவோம். கேட்டதை ஊரில் பரப்பும் தலைவர் யாராவது இருந்தால் அதையும் எங்களுக்கு அறிவியுங்கள்.

நான்காவது, தலைவர்மாருக்கு. சம்பள நாளன்று நீங்கள் அந்தக் கடை வாசலில் நின்றால், இந்தப் பக்கத்தில் நாங்கள் எழுதும் எதற்கும் மதிப்பில்லை.

இனி அந்த இளைஞர் கேட்ட டிப்ஸ். தம்பி, ஒரு பழைய கொப்பி எடுங்கள். இந்தச் சனிக்கிழமை உங்களுக்குப் பிடித்த குதிரையைப் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே அதில் எழுதுங்கள். எவ்வளவு கட்டியிருப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். காசு மட்டும் கட்டாதீர்கள். நண்பர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பார்ப்பதற்கு அருமையான ஓட்டம்தான், அதை நாங்கள் மறுக்கவில்லை. முடிந்ததும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று குறித்து வையுங்கள். தோற்ற நாளையும் விடாமல் எழுதுங்கள். இப்படி மூன்று மாதம் செய்துவிட்டு அந்தக் கொப்பியைக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லோர் முன்னிலையிலும் கூட்டிப் பார்ப்போம். கணக்கு இலாபம் என்று வந்தால், நாங்கள் எழுதியது பிழை என்று இதே பக்கத்தில் அச்சிடுகிறோம். நட்டம் என்று வந்தால், கட்டாமல் மிஞ்சிய அந்தக் காசு உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.