கார்ட் இல்லாத கத்தியை வாங்குங்கோ

என்ர வலக்கைச் சின்னவிரல் முழுசா மடங்காது. நாலு வருசத்துக்கு முந்தி இளநீர் ஒண்டு திறக்கப்போய் வந்த வினை. பெரிய வெட்டுக்கத்தியால சீவிப்போட்டு, அவசரத்தில முனையாலயே குத்தினன். கை ஈரம். முனை சிரட்டையில நிண்டிட்டுது, கை நிக்கேல்ல. பிடியில இருந்து வழுக்கி அலகில போய்த்தான் நிண்டது.

ஆஸ்பத்திரியால வந்து செய்த முதல் வேலை, யூடியூப்பில கார்ட் வைச்ச கத்தி தேடினது. கார்ட் எண்டது பிடிக்கும் அலகுக்கும் நடுவில குறுக்கால நிக்கிற தடுப்பு. கை முன்னுக்கு ஓடாமல் மறிக்கும். அது இருந்திருந்தால் என்ர விரல் தப்பியிருக்கும், மறுக்கேல்ல. ஆனாலும் தோட்டத்துக்கோ காம்பிங்குக்கோ பெரிய கத்தி வாங்கப்போறவைக்கு நான் சொல்லுறது, கார்ட் இல்லாததை வாங்குங்கோ.

ஏனெண்டால் பிடி ரெண்டு விதமாத் தவறும். குத்தும்போது கை கூர்ப்பக்கம் ஓடும். ஓங்கி வெட்டும்போது கத்தி கையை விட்டுப் பறக்கப் பாக்கும். பெரிய கத்தியை நாங்கள் என்னத்துக்கு எடுக்கிறம்? கதியால் வெட்ட, பத்தை துப்பரவாக்க, விறகு கொத்த. எல்லாம் ஓங்கி வெட்டுற வேலை. அதுக்கு வேண்டிய காவல் பிடியின்ர அடியில இருக்கவேணும். நேபாளத்துக் குக்ரியில பொதுவா கார்ட் கிடையாது, பிடியின்ர அடி விரிஞ்சிருக்கும். காடு வெட்டுற மெஷெட்டிக்குப் பிடியின்ர அடி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். எங்கட கொடுவாக்கத்திக்கும் கார்ட் இல்லை. மறந்துபோய் விட்டதில்லை, தேவைப்படேல்ல.

இருந்தால் என்ன நட்டம் எண்டு கேப்பியள். மேல்பக்கத் தடுப்பு இருந்தால் பெருவிரலைக் கத்தி முதுகில வசதியா வைக்கேலாது. கீழ்ப்பக்கத் தடுப்பு அதைவிடத் தொல்லை. கதியால் முனையைச் சீவிக் கூராக்க, பிடியோட ஒட்டின கூர்தான் நல்லா வேலை செய்யும், கையின்ர பலம் அங்கதான் முழுசா இறங்கும். தடுப்பு அந்த இடத்தில இருந்து கையைத் தள்ளி வைச்சிடும். பலகையில வைச்சு ஏதாவது அரியப்போனால் தடுப்பு பலகையில முட்டும். தீட்டேக்க கடைசி அரை அங்குலம் கல்லில படாது. பிறகு அந்தத் துண்டு மட்டும் மொட்டையாகிக் கிடக்கும்.

பிறகேன் எங்களுக்கு அதில இவ்வளவு ஆசை? படம்தான். 1982இல வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ ராம்போவின்ர கத்தியில ரெண்டு பக்கமும் தடுப்பு, அதின்ர நுனிகள் ஸ்குரூ டிரைவர்! பாக்க வடிவுதான். அந்தச் சாதிக் கத்தியளுக்கெல்லாம் மூத்தது அமெரிக்காவின்ர போவி கத்தி. 1827இல நடந்த ஒரு கைகலப்பில ஜிம் போவி அதை வைச்சுச் சண்டை பிடிச்சுத்தான் பேர் எடுத்தது. பிறகு உள்நாட்டுப் போர்க் காலத்தில தென்மாநிலப் படையாக்கள் விரல் முழுக்க மூடுற ‘டி’ வடிவத் தடுப்போட பென்னாம்பெரிய கத்தியள் கொண்டு திரிஞ்சினம். மற்றவன்ர கத்தி தன்ர விரலில படாமல் இருக்க. எங்கட கிளுவை மரம் திருப்பி வெட்டாது மச்சான்.

இன்னொண்டும் இருக்கு. வாள்வெட்டுச் செய்தி படிச்சுப் படிச்சுக் களைச்ச ஊர் எங்கட. ரெண்டு பக்கமும் தடுப்பு வைச்ச கத்தியைப் பையில கொண்டு திரிஞ்சிட்டு காம்பிங் எண்டு சொன்னால் பொலிஸ் நம்பாது. உண்மையைச் சொன்னால், நானும் நம்பமாட்டன்.

ஒரு விதிவிலக்கு. மீன், இறைச்சி வெட்டுற ஆக்களுக்குக் கை எப்பவும் வழுக்கும். அவைக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் சின்னத் தடுப்பு இருந்தால் நல்லது. அதுவும் தனி உலோகத் துண்டாத்தான் வேணும் எண்டில்லை, பிடியையே முன்பக்கத்தில கொஞ்சம் புடைப்பாச் செதுக்கினால் காணும்.

நான் கடைசியில புதுக்கத்தி வாங்கேல்ல. அதே கத்தியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிடியை மாத்தினன். அடியில கொக்கி, முன்பக்கம் சின்னப் புடைப்பு. மேல சைக்கிள் ரியூப் சுத்தியிருக்கு. இளநீருக்கு இப்ப முனை பாவிக்கிறேல்ல, கூரால சீவிச் சீவியே வாய் திறக்கிறன். கொஞ்சம் சிந்தும், பரவாயில்லை.