பறக்கும் ஆம்புலன்ஸும் பெருநகர் சாலையும்

வான்வழி ஆம்புலன்ஸ் என்ற சொல் அண்மைக் காலமாகச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. 2024 அக்டோபர் 29 அன்று ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையின் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அதே ஆண்டில் மத்திய பிரதேச அரசு, ஆயுஷ்மான் அட்டை வைத்திருப்போருக்குக் கட்டணமின்றி விமான ஆம்புலன்ஸ் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில், சென்னை ஐஐடி வளாகத்தில் தோன்றிய இ-பிளேன் நிறுவனம் 788 மின்சார வான் ஆம்புலன்ஸ்களை வழங்க ஒப்பந்தம் செய்துகொண்டதாகச் செய்தி வந்தது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இத்தகைய சேவை தேவை என்ற குரலும் இப்போது எழுகிறது.

இந்தக் கோரிக்கையை நான் உத்தரமேரூரை அடுத்த பெருநகரில் இருந்துகொண்டு எண்ணிப் பார்க்கிறேன். காஞ்சிபுரம் - வந்தவாசி சாலையில், செய்யாற்றங்கரையில் உள்ள ஊர் இது. மலைக்கிராமம் அன்று; பேருந்து வருகிறது, 108 வருகிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்காக 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூரும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும், உயிருக்கு ஆபத்தான ஒரு இரவில் இந்த ஊர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கடந்த சம்பா பருவத்தில் நேரில் கண்டேன்.

எங்கள் நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் பெண்மணி ஒருவரை, பொழுது சாயும் வேளையில் வரப்போரம் கண்ணாடி விரியன் கடித்தது. அழைத்த இருபது நிமிடங்களில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. முதலில் சேர்த்த மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த ஒரே மருத்துவர் பிரசவ அறையில் இருந்தார். அவர் வந்து பார்த்தபோது, விஷமுறிவு ஊசியால் ஒவ்வாமை ஏற்பட்டால் சமாளிக்க வசதி இல்லை என்று தயங்கி, அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கும் காத்திருப்பு, அங்கிருந்து மீண்டும் ஓர் இடமாற்றம். முதல் ஊசி உடலில் ஏறியபோது, அழைத்ததிலிருந்து நான்கரை மணி நேரம் கடந்திருந்தது. உயிர் பிழைத்தார், சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை. இப்போது வாரம் இருமுறை டயாலிசிஸ். அதற்கான செலவைக் காப்பீடு ஏற்கிறது. பேருந்துச் செலவையும், அவரும் துணைக்குச் செல்லும் கணவரும் இழக்கும் கூலியையும் எந்தத் திட்டமும் ஏற்பதில்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் அந்த 270 நிமிடங்களையும் பிரித்துப் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தது 20 நிமிடம். மூன்று பயணங்களிலும் சேர்த்துச் சாலையில் கழிந்தது ஏறத்தாழ 70 நிமிடம். எஞ்சிய 180 நிமிடங்களும் மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளேயே கழிந்தன. ஹெலிகாப்டர் குறைப்பது சாலையில் செல்லும் நேரத்தை மட்டுமே. பெருநகரின் வயலில் அது இறங்கியிருந்தாலும் அதிகபட்சம் ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும். அதுவும், விளக்கு வசதியுள்ள இறங்குதளம் இல்லாத ஊரில் இரவில் அது இறங்கவே முடியாது என்பதை மறந்துவிட்டுச் சொல்லும் கணக்கு.

இது ஒருவரின் துயரம் மட்டுமன்று. 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இறந்தோரில் பெரும்பாலோர் கிராமத்தவர். இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. விஷமுறிவு மருந்து தயாரிப்பதற்கான பாம்பு விஷத்தைச் சேகரித்துத் தருவதில் முன்னிற்பது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மண்ணில்தான் இருக்கிறது. இங்கிருந்து சென்ற விஷம் நாடெங்கும் மருந்தாகிப் பயன்படுகிறது; அதே மண்ணின் உழைப்பாளிக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.

பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் ஒரு விதியை முன்வைத்தார். நல்ல மருத்துவம், அதன் தேவை மிகுந்துள்ள இடத்தில் குறைவாகவும் தேவை குறைந்த இடத்தில் மிகுதியாகவும் கிடைக்கும் என்பதே அது. சந்தையின் போக்கில் விட்டால் இந்த ஏற்றத்தாழ்வு மேலும் கூடும் என்றும் அவர் எச்சரித்தார். பல லட்சம் ரூபாய் செலவாகும் ஒரு விமான ஆம்புலன்ஸ் பயணத்தை யார் பயன்படுத்துவார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்த விதியின் பொருள் விளங்கும்.

அதற்காக வான்வழிச் சேவையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால், குழந்தையின் உடலைத் தாய் பல கிலோமீட்டர் சுமந்து நடந்ததை நாடே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டபோது ஹெலிகாப்டர்களே துணைநின்றன. சாலை இல்லாத மலைக்கும், சாலை மூழ்கிய ஊருக்கும் வான்வழியே வழி. மலை மாவட்டங்களின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இறங்குதளம் அமைப்பதும், அந்தச் சேவையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குள் கொண்டுவருவதும் நியாயமான செலவுகளே. ஆனால், அதற்கும் எல்லை உண்டு. ரிஷிகேஷ் எய்ம்ஸின் ஹெலிகாப்டர் 2025 மே 17 அன்று நோயாளியை ஏற்றிவரச் சென்றபோது கேதார்நாத்தில் விபத்துக்குள்ளாகித் தரையிறங்கியது. அதிலிருந்த மூவரும் உயிர் தப்பினர். ஒன்றிரண்டு வானூர்திகளை மட்டுமே நம்பியிருக்கும் ஏற்பாடு எவ்வளவு எளிதில் முடங்கும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

வான்வழி மருத்துவத்தின் முன்னோடியான ஆஸ்திரேலியாவும் இதையே கற்பிக்கிறது. ஜான் ஃப்ளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் 1928-இல் குயின்ஸ்லாந்தின் க்ளோன்கரி நகரில் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. விமானம் மட்டுமே அதை வெற்றிபெறச் செய்யவில்லை. 1929-இல் ஆல்ஃபிரட் டிரேகர் உருவாக்கிய, காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவி வந்த பிறகே தொலைதூரப் பண்ணையில் இருப்பவர் மருத்துவரை அழைக்க முடிந்தது. 1942 முதல், எண்ணிட்ட மருந்துகள் அடங்கிய பெட்டிகள் பண்ணைகளில் வைக்கப்பட்டன. மருத்துவர் வானொலியில் எண்ணைச் சொல்வார். அங்கிருப்பவர் அந்த மருந்தை எடுத்துக் கொடுப்பார். நோயாளியை மருத்துவத்திடம் கொண்டுசெல்வதைவிட, மருத்துவத்தை நோயாளியின் அருகில் வைப்பது மலிவானது, விரைவானது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதன்று. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியுடன் வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற்கட்ட மாத்திரைகள் தரப்படுகின்றன. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை உறுதிசெய்கிறது. இந்த இரு திட்டங்களின் அடிப்படையைப் பாம்புக்கடிக்கும் விரிவாக்க வேண்டும். கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டதா என்றறிய ஒரு தூய கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடமும் போதும். இரத்தம் உறையாவிட்டால் ஊசியைத் தொடங்கலாம். ஒவ்வாமையை எதிர்கொள்ளும் அட்ரினலின் மருந்தும் விலை குறைவானதே. தேவைப்படுவது, பயிற்சியும் துணிவும் உள்ள இரண்டாவது இரவுப் பணி மருத்துவர். முதல் ஊசியைப் போடாமல் வேறிடத்துக்கு அனுப்பக் கூடாது என்ற கண்டிப்பான விதியும், அனுப்பும் முன் அடுத்த மருத்துவமனையுடன் பேசி இடத்தை உறுதிசெய்யும் கடமையும் வேண்டும்.

2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எண்ணிக்கையுடன் நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்தால் அந்த அறிவிப்பு முழுமை பெறும். கடித்தது எப்போது, மருத்துவமனை வாசலுக்கு வந்தது எப்போது, ஊசி ஏறியது எப்போது என்ற மூன்று நேரங்களையும் வட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அப்போதுதான் எந்த வட்டத்துக்கு ஹெலிகாப்டர் தேவை, எந்த வட்டத்துக்கு மருத்துவர் தேவை என்பது தெரியவரும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலை முறைக்காக அனைவரும் போற்றுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரை மீண்டும் குடத்தில் இடக் கூடாது என்றும் அது விதிக்கிறது. அந்த ஊரை வட்டத் தலைநகராகக் கொண்ட எங்களுக்கு, நான்கரை மணி நேரம் எங்கே போயிற்று என்று கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அடுத்த நடவு தொடங்குவதற்குள் அதற்கு விடை கிடைக்க வேண்டும்.