டிராக்டர் இருக்கையும் உழைப்பாளியின் முதுகும்

யந்திரம் வந்தால் வயலில் பாடுபடுகிறவனின் பாரம் குறையும் என்றார்கள். ஒரு பங்கு உண்மைதான். ஏரின் பின்னால் நாளெல்லாம் நடந்த கால்களுக்கு டிராக்டர் ஓய்வு தந்தது. ஆனால் பாரம் காலை விட்டு இடுப்பில் ஏறிக்கொண்டது. உழவுப் பருவத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை டிராக்டர் ஓட்டுகிற டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரி எந்தப் பக்கம் புரண்டு படுப்பது என்பதே பெரும் பிரச்னை என்பார்.

இது தலையெழுத்தல்ல; காரணம் தெரிந்த கேடு. காருக்கும் பஸ்ஸுக்கும் சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் உண்டு. பெரும்பாலான டிராக்டர்களின் பின் அச்சுக்கு அது கிடையாது. வரப்பும் மண்கட்டியும் கொடுக்கிற அடியை டயர் கொஞ்சம் தாங்கும். மிச்சத்தை இருக்கை தாங்க வேண்டும். இருக்கை தாங்காததை முதுகெலும்பு தாங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு, நொடிக்கு 4 முதல் 6 அதிர்வுகளில்தான் மிக அதிகமாகக் குலுங்குகிறது. வயலில் ஓடும் டிராக்டரின் ஆட்டமும் ஏறக்குறைய இதே வேகத்தில் இருக்கிறது. போதாததற்குக் கலப்பையைக் கவனிக்க அவர் உடம்பை முறுக்கி முறுக்கிப் பின்னால் பார்க்க வேண்டும்.

அளவும் ஒரு கொடுமை. நம் நாட்டில் டிராக்டர் உற்பத்தி வெளிநாட்டு மாடல்களோடுதான் தொடங்கியது. 1959-ல் ஃபரிதாபாதில் ஜெர்மன் மாடல். 1961-ல் சென்னையில் பிரிட்டிஷ் மாடல். நம் விவசாயத் தொழிலாளியின் சராசரி உயரமோ, ஆணுக்குச் சுமார் 163 சென்டிமீட்டர், பெண்ணுக்குச் சுமார் 151. கிளட்ச் எட்டாத தூரத்தில் இருந்தால் டிரைவர் இருக்கையின் நுனிக்கு நகர்ந்து வருவார். முதுகுச் சாய்வு இருந்தும் பயனில்லை. தொடையின் அடிப்பாகம் அழுந்திக் கால் மரத்துப்போகும். கனத்த ஆளுக்கென்று வைத்த ஸ்பிரிங், 50 கிலோ ஆள் உட்கார்ந்தால் அசைந்தே கொடுக்காது.

விஞ்ஞானத்துக்கு வழி தெரியாமலில்லை. அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்து 1952-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்து அளவுகளிலும் ‘சராசரி’யாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை! ஆகவே மனிதன் இருக்கைக்கு ஒத்துப்போக முடியாது. முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்ந்து இருக்கைதான் மனிதனுக்கு ஒத்துவர வேண்டும். நம் நாட்டிலும் அளவு எடுத்தாயிற்று. போபாலிலுள்ள மத்திய விவசாயப் பொறியியல் நிலையத்தின் முயற்சியில், கோவை விவசாயப் பல்கலைக்கழகம் உள்படப் பல மையங்கள் விவசாயத் தொழிலாளர்களின் 79 உடல் அளவுகளைத் திரட்டின. 2009-ல் அது புத்தகமாகவும் வந்தது.

பின் எது தடுக்கிறது? டிராக்டரை வாங்குகிறவர் ஒருவர். அதில் உட்காருகிறவர் வேறொருவர். இதுதான் விஷயம். அமெரிக்காவில் 1960-ல் ஜான் டியர் கம்பெனி புதிய டிராக்டர்களை இறக்கியபோது, இருக்கையை அமைக்க ஜேனட் டிராவெல் என்ற டாக்டரின் ஆலோசனையைப் பெற்றது. அடுத்த ஆண்டு அவர் ஜனாதிபதி கென்னடிக்கு வைத்தியரானவர். கம்பெனிக்குக் கருணை பொங்கியதா? இல்லை. அங்கே பண்ணைக்காரரே பெரும்பாலும் டிராக்டரை ஓட்டினார். முதுகு வலித்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். இங்கே மணிக்கணக்கு வாடகைக்கு விடப்படும் டிராக்டரை ஓட்டுகிறவர் கூலி டிரைவர். வாங்குகிறவர் விலையைப் பார்க்கிறார், குதிரைசக்தியைப் பார்க்கிறார். இருக்கையை ஏன் பார்க்கப் போகிறார்? 2022-23-ல் நாட்டில் 9 லட்சத்துக்கு மேல் டிராக்டர்கள் விற்றன. முதுகைச் சந்தை காப்பாற்றும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

சட்டத்தால் முடியும். ஜெர்மனியில், பல்லாண்டுக் குலுக்கலால் வரும் இடுப்பு வட்டு நோய் 1993 முதல் தொழில் நோயாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளில் தொழிலாளி உடம்பு எவ்வளவு குலுக்கலை ஏற்கலாம் என்று ஐரோப்பிய யூனியன் 2002-ல் வரம்பு கட்டியது.

மில் தொழிலாளித் தோழர்களுக்கு இது புதிய பாடமல்ல. நின்றே வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவு கூறியது. கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு சட்டமாக்க 2021 வரை ஆயிற்று. உட்கார இடம் கேட்பது ஒரு கோரிக்கை. உட்கார்ந்த இடம் முதுகை முறிக்கக் கூடாது என்பது அதன் அடுத்த படி.

ஆகவே நாம் கேட்கிறோம்:

சர்க்கார் மானியம் பெறும் ஒவ்வொரு டிராக்டரிலும் அறுவடை யந்திரத்திலும், ஓட்டுகிறவரின் உயரத்துக்கும் எடைக்கும் தக்கபடி மாற்றக்கூடிய இருக்கை கட்டாயமாக வேண்டும். வாங்குகிறவரின் இஷ்டத்துக்கு அதை விடக் கூடாது.

பெண் டிரைவர்கள் உள்பட நம் தொழிலாளிகளை உட்கார வைத்தே இருக்கையைச் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும்.

கிழிந்த மெத்தையையும் உடைந்த ஸ்பிரிங்கையும் உடமைக்காரரே தம் செலவில் மாற்ற வேண்டும். சாக்கு மூட்டையை மடித்துப் போட்டு ஓட்டச் சொல்வது அநியாயம்.

உழவுப் பருவத்திலும் வேலை நேரத்துக்கு வரம்பும் இடை ஓய்வும் வேண்டும். இடுப்பு போன டிரைவருக்கு நஷ்டஈடு வேண்டும்.

கூலி உயர்வுக்கான கோரிக்கை மனுவில் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் இவற்றையும் சேர்த்து எழுதட்டும். மில் சங்கங்கள் தோள் கொடுக்கட்டும். தேய்ந்த டயரை மாற்றலாம். தேய்ந்த முதுகெலும்பை மாற்ற எந்தக் கடையிலும் சாமான் கிடைக்காது.