கல்லை அறுக்காதீங்கய்யா!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் காரமான பதிவு. கல்லைப் பத்தி. சிரிக்காதீங்க, நிஜமாவே கடுப்புல இருக்கேன்.

போன்சாய் எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பக்கத்துல ஜப்பான்காரங்க ஒரு கல்லையும் வைப்பாங்க. சுய்செகின்னு பேரு. சுய்னா தண்ணி, செகின்னா கல். மேசை மேல வைக்கிற அளவுதான் இருக்கும், ஆனா உத்துப் பார்த்தா தூரத்து மலை தெரியும், அருவி தெரியும், கூரை வீடு தெரியும். ஆத்துலயோ மலையிலயோ தானா தேய்ஞ்சு கிடைச்ச கல்லா இருக்கணும், மனுஷன் கை வைக்கக் கூடாது. மொத்த ஆட்டமும் இந்த ஒரு விதியிலதான் இருக்கு.

ஆன்சைட் வந்த புதுசுல வாஷிங்டன்ல இருக்கிற தேசிய போன்சாய் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அமெரிக்காவோட 200-ஆவது ஆண்டுக்காக 1976-ல ஜப்பான் குடுத்த பரிசு அங்க இருக்கு. 53 போன்சாய், கூடவே 6 கல். அதுல ஒரு பைன் மரம் 1625-லேர்ந்து வளர்ந்தது, ஹிரோஷிமா குண்டுக்குத் தப்பினது. அந்தக் கதையே 2001-லதான் அங்க இருக்கிறவங்களுக்குத் தெரிய வந்துச்சாம். கூட்டம் பூரா அது முன்னாடிதான் நிக்கும், நியாயம்தான். எனக்கு என்னவோ அந்த ஆறு கல்லைப் பத்தியேதான் நினைப்பு ஓடுச்சு. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கல்லைப் பரிசா அனுப்புதுன்னா அதுல என்னமோ இருக்குல்ல?

அந்த ஜோர்ல இணையத்துல ஒரு கல் வாங்கினேன். "முழுக்க இயற்கையானது"ன்னு போட்டிருந்தான். விலையை வீட்டுல சொல்லலை (அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துல எழுதறேன்). வந்தது அழகான மலை, மூணு சிகரம். மரப் பீடத்துலேர்ந்து தூக்கித் திருப்பிப் பார்த்தா அடிப்பக்கம் வழவழன்னு தட்டை. ஓரமா ரம்பம் போன கோடு! கேட்டதுக்கு, "எல்லாரும் செய்யறதுதானே"ன்னு பதில்.

அறை நண்பனும் அவன் கட்சியே பேசறான். "போன்சாய்ல கிளையை வெட்டறாங்க, கம்பி சுத்தி வளைக்கறாங்க. அது கலை, கல்லை அறுத்தா மட்டும் மோசடியா?"

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பு சாமி. மரத்தை வெட்டினா மரம் பதில் சொல்லும். நாம நினைக்காத பக்கத்துல துளிர்க்கும், காயத்தை மூடும், பிடிக்கலைன்னா செத்தே போகும். அதுக்கு ஏத்த மாதிரி நாமளும் மாறணும், வருஷக்கணக்கா. கல் என்ன பதில் சொல்லும்? அறுத்தா அறுத்ததுதான். அங்க பேசறது நாம மட்டும்தான்.

இன்னொண்ணு. அடிப்பக்கம் மேடு பள்ளமா இருந்தா நிக்காதேங்கிற சாக்கு. அதுக்குத்தானேய்யா பீடமே! தைசான்னு சொல்ற அந்த மரப் பீடத்தைக் கல்லோட அடிக்குத் தகுந்தாப்ல கொஞ்சம் கொஞ்சமா செதுக்கி, வச்சுப் பார்த்து, ஆட்டம் நிக்கிற வரைக்கும் திரும்பச் செதுக்குவாங்க. வளைஞ்சு குடுக்க வேண்டியது மரம், கல் இல்லை. நம்ம பாஷையில சொன்னா, ப்ரோக்ராம் ஓடலைன்னு டேட்டாவைத் திருத்தறவனை டீம்ல வச்சுப்பீங்களா? பீடம் வேண்டாம்னா சுய்பான்னு ஆழமில்லாத தட்டு இருக்கு. மணலைப் பரப்பி அதுல கல்லை உக்கார வச்சா அடிப்பக்கம் மணலுக்குள்ள போயிடும். அறுக்க வேண்டிய அவசியம் எங்க வந்துச்சு?

ஜப்பான்லயே அறுத்த கல் இருக்கேம்பீங்க. இருக்கு, மறுக்கலை. தூரத்து மலை மாதிரி கல்லுல அது சகஜம். வெட்டி மெருகேத்தின கல்லுக்கு பிசெகின்னு தனிப் பேரே வச்சிருக்காங்க, கிஃபு பக்கத்துச் செவ்வந்திப்பூக் கல்லு மாதிரி. அதுல எனக்குச் சண்டை இல்லை. அறுத்தா அறுத்தேன்னு சொல்லு, அவ்வளவுதான். அமிலத்துல கழுவினா அதையும் சொல்லு.

ஏன் இவ்வளவு கத்தறேன்னா, அறுத்த கல் எப்பவுமே அழகாத்தான் இருக்கும். எந்தக் கல்லுலயும் ரம்பத்தைச் சரியான இடத்துல விட்டா ஒரு மலை கிடைச்சிடும். ஆத்துப் படுகையில வருஷக்கணக்கா குனிஞ்சு தேடி, கிடைச்ச ஒண்ணை யோசெகின்னு வெயில்லயும் தண்ணியிலயும் வச்சு நிறம் ஏற விடறவன் கொண்டுவர்ற கல் அது பக்கத்துல சப்பையாத் தெரியும். வாங்கறவன் எதை வாங்குவான்? தேடறவன் ஒருநாள் தேடறதை விட்டுடுவான். அப்புறம் போன்சாய் பக்கத்துல இருக்கப் போறது குட்டிக் குட்டி சிற்பம். சிற்பம் வேணும்னா நேரா சிற்பியைப் பார்க்கலாமே.

மரம் நாம வளர்த்தது, கல் நாம கண்டெடுத்தது. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வைக்கிறதோட ருசியே அந்த வித்தியாசம்தான். ரெண்டுலயும் நம்ம கைவரிசையே இருந்தா அப்புறம் எதுக்கு ரெண்டு?

வாங்கின கல்லா? ஆபீஸ் மேசையில இருக்கு. பேப்பர் பறக்காம பிடிச்சுக்குது. அடி தட்டைல்ல, ஆடவே ஆடாது :-)