நான் ஏன் அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. நமுனுகுல, பசறை, பதுளைப் பக்கத்து நம்மவர்கள் பொறுமையாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திக் கொமென்ட் போட வேண்டாம். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

மூன்று நாளாக ஒரு பதிவு சுற்றுகிறது. "தோட்டத்துப் பிள்ளை கமரா தூக்கினால் சில சேர்மாருக்குப் பொறுக்காது" என்று. பெயர் போடவில்லை. அந்தச் சேர் நான்தான். எழுதியவன் என்னிடம் படித்த பிள்ளை. நல்ல பிள்ளை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவனுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை, நீங்களும் கொமென்டில் எழுதாதீர்கள்.

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அம்மா ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். கமராவைத் தவணைக்கு எடுக்கப் போகிறார்கள். இரண்டு பிணையாளிகள் வேண்டும், ஒருவர் அரசாங்க உத்தியோகத்தராக இருக்க வேண்டும். முற்பணத்துக்குத் தோடு ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போய்விட்டது. காதில் ஈர்க்குச்சி இருந்தது. தேத்தண்ணியைக் குடிக்காமலே கேட்டார், "சேர், இந்தக் கமரா இருந்தா அவன் பொழச்சிக்குவானா?"

"கமரா மட்டும் இருந்தா பொழைக்க மாட்டான் அக்கா" என்றேன். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதை இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அது என் பிழை. கையெழுத்து வைக்காதது பிழையில்லை.

"சேர் முஸ்லிம், வட்டி என்பதால் வைக்கவில்லை" என்று சிலர் எனக்காகப் பேசியிருக்கிறார்கள். நன்றி. வட்டிக் கணக்குக்குச் சாட்சி நிற்பது எங்களுக்கு ஆகாதுதான். ஆனால் அதன் பின்னால் நான் ஒளியப் போவதில்லை. வட்டியே இல்லாத கடனாக இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன்.

கணக்குப் பார்ப்போம். அவன் கேட்ட புல் பிரேம் கமராவும் லென்ஸும் மூன்று லட்சம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. மூன்று லட்சத்தை அதால் வகுத்தால் 222 நாள். சாப்பிடாமல், பஸ்ஸுக்குக் கொடுக்காமல், ஒரு நாளும் அரைப்பேர் விழாமல், அட்டைக்கடியோடு 222 நாள் அந்த அம்மா எடுக்கும் கொழுந்து. வட்டியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இந்த 222 நாளைக் கொடுத்து என்ன வாங்குகிறோம்?

"புல் பிரேம்" என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. மற்றதெல்லாம் அரைகுறை என்கிற மாதிரி. அந்த அளவு எங்கிருந்து வந்தது? ஜேர்மனியில் ஒஸ்கார் பார்னாக் என்ற தொழில்நுட்பக்காரர் சினிமாப் பிலிமை எடுத்து, 36க்கு 24 மில்லிமீற்றரில் படம் விழுகிற ஒரு சின்னக் கமரா செய்தார். 1925இல் லைகா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெரிய கண்ணாடித் தகட்டில் படம் எடுத்துப் பழகியவர்கள் அந்த அளவை "மினியேச்சர்" என்றார்கள், சின்னன் என்று. அன்றைக்குச் சின்னன், இன்றைக்கு அதுவே "முழுசு". பெட்டி பிரித்துக் காட்டுகிற யூடியூப் அண்ணன்மார் இதைச் சொல்வதில்லை. அவர்களில் பலருக்கு நாம் அந்த லிங்க்கை அமுக்கி வாங்கினால்தான் கமிஷன்.

அந்த முழுசான சென்சார், அதற்கு அடுத்த சிறிய சென்சாரை விட இரண்டேகால், இரண்டரை மடங்கு பெரியது. மங்கிய வெளிச்சத்தில் அவ்வளவுக்குத் தெளிவு கூடும். பொய்யில்லை. ஆனால் கமராவோடு வருகிற சாதாரண 18-55 லென்ஸை 50 மில்லிமீற்றரில் வைத்தால் அதன் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. மலிவான 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போட்டால் உள்ளே வருகிற வெளிச்சம் ஒன்பது மடங்குக்கும் மேல். விலையில் எத்தனையோ மடங்கு குறைந்த சாமான், பலனில் அந்தப் பெரிய சென்சாரைத் தாண்டிப் போகிறது.

அதையும் விட மலிவாக ஒன்று உண்டு. லயத்து வாசல்.

தம்பி, லயக் காம்பிராவுக்கு ஒரு வாசல், மிஞ்சினால் ஒரு சின்ன ஜன்னல். நாம் அதைக் குறையாகத்தான் பார்த்திருக்கிறோம், குறைதான். ஆனால் படம் எடுக்கிறவனுக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வருவது எவ்வளவு பெரிய வசதி! கொழும்பில் கறுப்புத் துணி கட்டி, பெரிய லைட்டுக்கு வெள்ளைத் திரை போட்டு அதைத்தான் உண்டாக்குகிறார்கள். உன் அம்மாயியை வாசற்படிக்கு உள்ளே ஒன்றரை முழத்தில் இருத்து. முகம் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் திரும்பி இருக்கட்டும். பின்னால் காம்பிரா இருட்டு. போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரிய அடையாளத்தைக் கொஞ்சம் கீழே இழு. அவ்வளவுதான். வெளிச்சம் காணாவிட்டால் அவரை இரண்டடி முன்னுக்கு வரச் சொல். அந்த இரண்டடிக்குத் தவணை இல்லை.

நமுனுகுல மலையில் மூடுபனி இறங்கும்போது இதற்கு நேரெதிராகச் செய்ய வேண்டும். வெள்ளையைக் கண்டால் எந்தக் கமராவும் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கோடி ரூபாக் கமராவும் அப்படித்தான். நீதான் வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். உன் பேஜில் பனிப் படங்கள் எல்லாம் அழுக்குத் தண்ணி நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இது. போன் இல்லை.

உன் வகுப்புக்கு நான் பால்மா டின்னில் ஊசித்துளைக் கமரா செய்து காட்டினேன், ஞாபகமா? எண்ணெய்த் தாளில் மைதானத்து மரம் தலைகீழாக விழுந்தபோது முதலில் கத்தியவன் நீதான். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கெய்ரோவில் இப்னு அல்-ஹைதம் இருட்டறையும் துளையும் வைத்துத்தான் ஒளி நேர்கோட்டில் போகிறதென்று சோதித்துப் பார்த்தார். பாடத்துக்கு மார்க்ஸ் போட்டேன். விஷயத்தைச் சொல்லித் தந்தேனா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது.

என் கதையையும் கேளுங்கள், இல்லாவிட்டால் உபதேசம் மாதிரி ஆகிவிடும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இந்தக் காய்ச்சல் இருந்தது. சம்பளத்தில் கடன் எடுத்து ஒரு டிஎஸ்எல்ஆர், அதற்கு ஒரு நீளமான லென்ஸ். எல்லப் பக்கம் போய், ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்வரை வெயிலில் நின்று, எல்லாரும் எடுக்கிற அதே படத்தை எடுத்தேன். பிறகு தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்தேன். இரண்டு வடகீழ்ப் பருவமழை போனது. எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம். கழுவக் கொடுத்த இடத்தில் இன்னும் கீறிக் கொடுத்தார்கள். கடன் மட்டும் எந்தப் பூஞ்சணமும் பிடிக்காமல் கடைசித் தவணை வரைக்கும் நன்றாக இருந்தது. நம்முடைய ஈரத்துக்குக் கமராவைத் தோல் உறையில் வைக்கக்கூடாது, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்க வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

"கல்யாண வேலைக்குப் போனைக் கொண்டு போக முடியுமா சேர்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயம். முடியாது. தாலி கட்டுகிற நேரமும் நிக்காஹ் எழுதுகிற நேரமும் திரும்ப வராது. அதற்கு இரண்டு கார்ட் போடுகிற கமரா, பிளாஷ், பட்டரி, கைவசம் இன்னொரு கமரா எல்லாம் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், ஒரு கமராவைத் தவணைக்கு எடுத்துக் கல்யாணத்துக்குப் போகிறவன் பாதி வழியில் இன்னொரு கடனுக்குப் போவான். பதுளையில் வேலை செய்கிற ஒருவரிடம் ஒரு வருடம் லைட் பிடி. அவருடைய கமராவில் உன் கை பழகட்டும். பிறகு வாங்குவதென்றால் பழையது வாங்கு. கெனனும் நிகொனும் கண்ணாடியில்லாக் கமராவுக்கு மாறிவிட்டார்கள், நல்ல டிஎஸ்எல்ஆர்களைப் பலர் கழித்துக்கட்டுகிறார்கள். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேள். லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பார்.

இவ்வளவும் சாமான் கதை. எனக்கு உண்மையில் கோபம் வேறொன்றில்.

உன் பேஜை முழுக்கப் பார்த்தேன். பாலம். சூரிய உதயம். பாலம். கொழுந்துக் கூடையோடு சிரிக்கிற பெண்கள், கீழே "ஸ்மைல் ஒப் சிலோன்". மலைக்கு வருகிற வெள்ளைக்காரர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டுப் போகிற படம். அதில் இரண்டாவதாக நிற்பவர் உன் சொந்த அத்தை. நீ அவருடைய பெயரைப் போடவில்லை.

ஜூலியா மார்கரட் கமரன் என்று ஒரு ஆங்கிலப் பெண். 48 வயதில், 1863இல், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த மரப்பெட்டிக் கமராவில் தொடங்கினார். படங்கள் தெளிவில்லை, போகஸ் சரியில்லை என்று அந்தக் காலத்துப் போட்டோக்காரர்கள் கேலி செய்தார்கள். இன்றைக்கு அந்தப் படங்களுக்காகத்தான் உலகம் அவரைக் கொண்டாடுகிறது. கணவருக்கு இங்கே தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்தில் அவர் எடுத்த டென்னிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் இருக்கிறது. இலங்கையில் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு "களுத்துறைக் குடியானவர் கூட்டம்". முகம் இருக்கிறது, பெயர் இல்லை. அதற்குப் பிறகு கொழும்பு ஸ்டூடியோக்கள் விற்ற தபாலட்டைகளிலும் "தமிழ்க் கூலி", "கொழுந்து பறிக்கும் பெண்" என்றுதான் இருந்தது.

150 வருடம் கழித்து அந்த லயத்திலேயே பிறந்த நீயும் பெயரில்லாமல் போட்டால், மூன்று லட்சம் எதற்கு?

பழைய வீடுகளில் பாட்டன் பாட்டிக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாஸ்போட்டுக்காக ஸ்டூடியோவுக்குப் போய், அங்கே இருந்த கோட்டை மாட்டிக்கொண்டு எடுத்த படம். பலருக்கு அதுவும் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. லயங்கள் ஆட்களோடு புதைந்தன. சுவரில் மாட்டியிருந்த படங்களும் சேர்ந்துதான் போயிருக்கும். அன்றைக்கு மத்தியானம் தொடக்கம் பெரிய பெரிய கமராக்கள் எல்லாம் அங்கே வந்து நின்றன. அதற்கு முதல் நாள் அந்த வாசல்களில் யார் இருந்தார்கள், யார் அடுப்பு மூட்டினார்கள் என்பதை எடுத்து வைத்தவர் எத்தனை பேர்? இந்த மலையில் நீ இருக்கிறாய். உன்னிடம் போன் இருக்கிறது. எல்லாருடைய பெயரும் உனக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிற எவரிடமும் இல்லாத சாமான் அது.

மதுரைப் பக்கம் பழனிக்குமார் என்று ஒருவர் இருக்கிறார். மீன் விற்கிற அம்மாவின் மகன். மலக்குழித் தொழிலாளரையும் மீனவரையும் வருடக்கணக்காகப் படம் எடுக்கிறார், உழைக்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் கமரா பழக்குகிறார். தன் அம்மா மீன் விற்கிறதையும் எடுத்திருக்கிறார். பாரி இணையத்தளத்தில் தமிழிலேயே இருக்கிறது. பெட்டி பிரிக்கிற வீடியோ பார்க்கிற நேரத்தில் அதைப் பார்.

இனி நான் செய்யப்போவது. படிவத்தில் கையெழுத்து இல்லை என்பதில் மாற்றமில்லை. என்னுடைய பழைய கமராவுக்கு 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று பிறகு வாங்கினேன், அது சுத்தமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொள். தவணையும் இல்லை, பிணையும் இல்லை. ஒரே நிபந்தனை. உன் லயத்தில் எத்தனை காம்பிராவோ அத்தனை குடும்பத்தையும் அந்தந்த வாசலில் வைத்து எடு. ஒவ்வொருவர் பெயர், வயது, எந்த மலையில் வேலை என்று கொப்பியில் எழுது. விருப்பமில்லை என்கிறவரை எடுக்காதே. பிரின்ட் போட்டு அவரவர் கையில் கொடு, பிரின்ட் காசு என்னுடையது. முதல் படம் உன் அம்மா. அடகுத் தோட்டை மீட்ட பிறகு எடு, அதற்கு இந்த மாதச் சம்பளத்தில் நான் கைமாற்றுத் தருகிறேன், வசதிப்பட்டபோது திருப்பித் தா.

உன் பதிவை அழிக்கச் சொல்லவில்லை. இருக்கட்டும்.

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு வீட்டில் இருப்பேன். பட்டரியைச் சார்ஜ் போட்டு வைக்கிறேன். வரும்போது ஒரு டோர்ச் கொண்டு வா, அந்த லென்ஸுக்குள்ளும் ஏதாவது பிடித்திருக்கிறதா என்று நீயே பார்த்து எடு.