கடல்மேல் ஒரு பந்தி

மும்பையிலிருந்து கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் சுற்றுலாக் கப்பலில் போய்வரும் ஆசை 2021க்குப் பிறகு நடுத்தரக் குடும்பங்களையும் தொற்றிக்கொண்டிருக்கிறது. செம்பூர், முலுண்ட், மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சில, விமானத்தில் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய் அங்கிருந்து கப்பல் ஏறுவதும் உண்டு. அறைக்கு ஜன்னல் இருக்கிறதா, நீச்சல்குளம் எந்தத் தளத்தில், தயிர் சாதம் கிடைக்குமா என்று புறப்படுமுன் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். முதல் நாள் மாலை சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் காத்திருக்கும் ஒரு கேள்வியை மட்டும் பலர் எதிர்பார்ப்பதில்லை.

"தனி மேசையா, மற்றவர்களோடு சேர்ந்து உட்காருகிறீர்களா?"

யோசிக்காமல் வரும் பதில், "தனி". அந்தப் பதிலை ஒருமுறை மாற்றிச் சொல்லிப் பார்க்கலாம்.

உண்மையில் இந்தக் கேள்வியே புதிது. பெரிய பயணக் கப்பல்களில் முன்பெல்லாம் இப்படிக் கேட்கும் வழக்கம் குறைவு. நூறு ஆண்டுகளுக்கும் முந்திய கப்பல்களில் நீண்ட மேசைகள் இருந்தன. நாற்காலிகள் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கும். அலை புரட்டினால் தட்டு நழுவாதிருக்க மேசை விளிம்பில் மரச்சட்டம் பொருத்துவார்கள். பின்னால் எட்டுப் பேர், பத்துப் பேர் உட்காரும் மேசைகள் வந்தன. மாலையில் முதல் பந்தி, இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டாம் பந்தி. எந்தப் பந்தி, எத்தனையாம் எண் மேசை என்பதைக் கப்பல்காரர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பயணம் முடியும்வரை அதே இடம், அதே முகங்கள், அதே பரிசாரகர்.

இது நட்பு வளர்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு அல்ல. கூடம் சிறிது, கூட்டம் பெரிது; அவ்வளவுதான். இரண்டு பேருக்கு ஒரு மேசை போட்டால் இடம் வீணாகும் என்ற வியாபாரக் கணக்கு. ஆனாலும் கணக்குப் பார்த்துச் செய்த காரியத்தில் சில சமயம் நல்லதும் விளைந்துவிடுகிறது.

2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற நிறுவனம், விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்ற பல நிறுவனங்களும் ஏதோ ஒரு வகையில் அதைப் பின்பற்றின. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 700க்கு மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. அதற்குப் பிறகு அந்நியரோடு ஒரே மேசை என்றாலே மனிதர்கள் பின்வாங்கியதில் வியப்பில்லை. தொற்றுப் பயம் பெரும்பாலும் தணிந்துவிட்டது. தனி மேசைப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

சேர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? முதல் நாள் சங்கடம்தான். நாக்பூர்த் தம்பதி ஒருபுறம், கொல்கத்தாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் மறுபுறம், நடுவில் முலுண்ட் குடும்பம். ரொட்டிக் கூடையை நகர்த்தும்போது ஒரு புன்னகை. அதற்கு மேல் பேச்சு நகராது. இரண்டாம் நாள் பெயர் தெரிகிறது. மூன்றாம் நாள் வாத்தியார் வரத் தாமதமானால், "அலை ஒத்துக்கொள்ளவில்லையோ?" என்று மேசையே கவலைப்படுகிறது. ஊரில் பத்து வருஷம் எதிர்வீட்டில் குடியிருந்தும் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் அதிக லாபம் அடைகிறவர் குடும்பத் தலைவி. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தனி மேசையில் உட்காரும் குடும்பம், வீட்டுச் சாப்பாட்டு அறையை அப்படியே கப்பலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. பரிமாறுவதற்குப் பணியாளர் இருக்கிறார் என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை. பையனுக்குக் காரம் எடுத்துவிடுவது, மாமியாருக்குப் பல்லுக்கு இதமானதைத் தேடுவது, கணவரின் மாத்திரையை நினைவூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய சூப் ஆறிப்போகும். அதே அம்மாள் எட்டுப் பேர் மேசையில் உட்கார்ந்தால், பக்கத்திலிருப்பவர், "நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எந்த ஊர் பிடித்தது?" என்று கேட்கிறார். யாருடைய மனைவி, யாருடைய அம்மா என்பதற்காக அல்லாமல் அவரை அவராகவே பார்த்துக் கேட்கிற கேள்வி. கடைசியில் உட்கார்ந்து, மிச்சமிருப்பதை உண்டு பழகியவருக்கு அது சின்ன விஷயமல்ல. கணவர்களும் அன்று தங்கள் மாத்திரையைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்கிறார்கள். கேட்பவர் முன்னால் வேறு வழியில்லை!

சைவ உணவுக்காரர்களின் தயக்கம் நியாயமானது. பக்கத்துத் தட்டில் மீன் இருந்தால் சிலருக்குச் சாப்பாடே இறங்காது. 1888 செப்டம்பர் 4ஆம் தேதி இதே பம்பாய்த் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய பதினெட்டு வயது இளைஞர் ஒருவருக்கும் இந்தத் தொல்லை இருந்தது. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கத் துணிச்சலும் இல்லை. பொதுமேசைக்குப் போகாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் பெரும்பாலும் அறைக்குள்ளேயே தின்று நாளைக் கழித்தார். உடன் பயணம் செய்த ஜுனாகட் வக்கீல் ஒருவர், எல்லோருடனும் பழகச் சொல்லி வற்புறுத்தியும் கூச்சம் விடவில்லை. இதைக் காந்தியடிகளே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கடல் கடந்ததற்காகச் சாதியார் அவரை விலக்கியும் வைத்தார்கள். பிற்காலத்தில் தம் ஆசிரமங்களில் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர், அந்தக் கப்பல் அறையில் தனியே உட்கார்ந்திருந்தவர்தான்.

சென்னையிலிருந்து 1914 மார்ச் 17ஆம் தேதி 'நெவாசா' கப்பலில் புறப்பட்ட கணித மேதை இராமானுஜன், கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் பொதுக்கூடத்தில் சாப்பிடாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். அவர் உடல்நலம் கெட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. ஊரார் கூடி உண்ணும் நேரத்தில் ஒருவர் தனியே அடுப்பின் முன் நின்றதையும் அவற்றோடு எண்ணிப் பார்க்க இடமிருக்கிறது. அவர்கள் காலத்தில் வேறு வழி குறைவு. இன்று டிக்கெட் வாங்கும்போதே சைவம், ஜைன உணவு என்று குறித்துக் கொடுக்கலாம். தட்டு வேறாக இருக்கட்டும். மேசையும் வேறாக வேண்டுமா என்பதே கேள்வி.

ஏனென்றால் தமிழ்நாட்டில் தனிப்பந்திக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவளித்த விவகாரம், 1924-25இல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்ற பாகுபாடு, பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் ஒழிந்தது. பலகையை எடுத்துவிட்டார்கள். மனத்திலிருப்பதை எடுக்க எந்த ரயில்வேயாலும் முடியாது.

கப்பலில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் அகஸ்மாத்தாகச் சந்தித்தால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். "நீங்க தமிழா?" என்று கேட்கும்போது முகத்தில் அத்தனை மலர்ச்சி. அடுத்து, "சொந்த ஊர் எது சார்?" திருநெல்வேலிப் பக்கம் என்று பதில். "திருநெல்வேலியில் எங்கே?" ஊர்ப் பெயர் வருகிறது. "அங்கே எந்தத் தெரு?" இந்த மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. தெருவின் பெயர் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். கேட்பவர் வெள்ளந்தியாகக் கேட்பது போலிருக்கும். பதில் சொல்பவருக்குத் தொண்டையில் சோறு நிற்கும். சிலர் தெருப் பெயரைச் சொல்லாமல், "பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்" என்று நழுவுவார்கள். மறுநாள் இரண்டு குடும்பங்களில் ஒன்று தனி மேசைக்குப் போய்விட்டால், காரணம் மீன் வாசனையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மும்பைத் தமிழருக்கு இந்தப் பாடத்தை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. லோகல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவது ஆளுக்கு இடுப்பளவு இடம் விட்டுத்தானே இந்த ஊர் நடக்கிறது? மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே 1942 முதல் நடக்கும் உடுப்பிச் சாப்பாட்டு விடுதியில், காலியான நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான். எதிரே இருப்பவர் வங்கி அதிகாரியா, மார்க்கெட் கூலியா என்று பார்ப்பதற்குள் சாம்பார் வந்துவிடும். 1960களின் பிற்பகுதியில் 'மதராசி' என்று ஏசப்பட்டு, தென்னிந்திய உணவு விடுதிகள் தாக்கப்பட்ட நாட்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒதுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

அதே மும்பையில் 2023இல் உயர்கல்வி நிலையம் ஒன்றின் விடுதி உணவுக்கூடத்தில் சைவ உணவு உண்போருக்கென்று ஆறு மேசைகள் ஒதுக்கப்பட்டன. எதிர்த்துக் காட்டிய மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. ஆறு மேசையில் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்டவர்களும் உண்டு. படிக்கிற வயதிலேயே இப்படிப் பழகியவர்கள் நாளைக்குக் கப்பலில் எந்த மேசையைக் கேட்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை.

புதுமணத் தம்பதியை எட்டுப் பேர் நடுவே உட்கார வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கைக்குழந்தையோடு வருபவர்களுக்குத் தனி மேசைதான் சௌகரியம். மற்றவர்களுக்கும் அதுவே நிம்மதி. எதிரே வந்து வாய்ப்பவர் ஓயாமல் தம் பிள்ளையின் அமெரிக்கச் சம்பளத்தைப் பேசுகிறவராகவும் அமைந்துவிடலாம். அப்படிப்பட்டால் மறுநாள் மேசையை மாற்றித் தரும்படி கேட்பதில் தவறில்லை. இடமிருந்தால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள்.

கூட்டு மேசை கிடைத்தவர்கள் கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. வாடகை, சம்பளம், தெரு ஆகிய மூன்றையும் விட்டுவிட்டாலும் பேச எத்தனையோ இருக்கின்றன. "உங்கள் தட்டில் இருப்பது என்ன?" என்பதிலேயே தொடங்கலாம். நாக்பூர்க்காரர் சாவ்ஜி மசாலாவின் காரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். அவருக்கு வத்தக்குழம்பைப் பற்றி முலுண்ட் அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிடும்.